எஸ்.பி.எம். முடித்த மகள் ஓவியம் படிக்க விரும்புகிறாள்: எந்த வழியில் அனுப்புவது?

ஜெலுத்தோங் அம்மா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் வசிக்கிறோம். என் மூத்த மகள் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். தேர்வை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறாள். பள்ளியில் காட்சிக்கலைக் கல்வியையும் கணக்கியலையும் சேர்த்தே எடுத்தவள். தேர்வு முடிந்த மறுநாள் இரவு, சாப்பாட்டு மேசையில், தான் ஓவியம்தான் படிக்கப்போவதாக எங்களிடம் சொல்லிவிட்டாள்.

என் கணவர் பிறையில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறார். "கணக்கு படித்தவளுக்கு எந்த ஊருக்குப் போனாலும் ஒரு வேலை இருக்கும், படம் வரைகிறவளுக்கு யார் மாதச் சம்பளம் கொடுப்பார்கள்?" என்று கேட்கிறார். அவர் பிள்ளையின் ஆசைக்குக் குறுக்கே நிற்பவர் அல்லர். இவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பிள்ளைகள் படிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கவலையில்தான் கேட்கிறார்.

அவள் எப்படி வரைகிறாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மாமியார் வெள்ளிக்கிழமைதோறும் சாமிக்குப் பூத்தொடுப்பார். கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் அவருடைய கைகளை மட்டும் இவள் வரைந்து வைத்திருந்ததைச் சென்ற மாதம்தான் பார்த்தேன். ஏறக்குறைய நாற்பது தாள்கள் இருக்கும். ஒன்றில்கூட முகம் இல்லை. விரலில் நூல் இறுகும் இடத்தில் தோல் வெளுத்துப்போவதைப் பென்சிலாலேயே காட்டியிருந்தாள். எனக்கு ஓவியம் தெரியாது. ஆனால் அது என் மாமியாரின் கை என்று தெரிந்தது.

சென்ற வாரம் ஒரு கல்விக் கண்காட்சிக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு தனியார் கல்லூரியின் ஆலோசகர், அன்றைக்கே முன்பணம் கட்டினால் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு என்று வற்புறுத்தினார். கட்டாமல் வந்துவிட்டோம். ஆறாம் படிவத்துக்கு அனுப்பி, பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் எஸ்.டி.பி.எம். தேர்வை எழுதவைப்பதா, நேரே டிப்ளோமாவில் சேர்ப்பதா? படித்து முடித்தால் உண்மையில் என்ன வேலை கிடைக்கும்? இவளுக்கு இந்தத் துறையில் நிலைக்கும் திறமை இருக்கிறதா என்பதை எங்களைப் போன்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

*

வரைபலகை எழுதியது:

வணக்கம் அக்கா. நான் ஆயர் ஈத்தாமில் வளர்ந்தவன். எஸ்.டி.பி.எம். முடித்து, பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் நுண்கலை படித்தேன். பதினோர் ஆண்டுகளாகக் கோலாலம்பூர் வட்டாரத்தில் கணினி விளையாட்டுகளுக்கான ஓவியங்களை உருவாக்கும் நிறுவனம் ஒன்றில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறேன். ஆகவே அண்ணனின் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன்.

சம்பளம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் எவரும் 'ஓவியர் தேவை' என்று விளம்பரம் செய்வதில்லை. அதனால்தான் வெளியிலிருந்து பார்க்கும் பெற்றோரின் கண்ணுக்கு அந்த வேலைகள் தென்படுவதில்லை. ஒரு விளையாட்டு நிறுவனத்தில் கதாபாத்திரத்தை முதலில் தாளில் கற்பனை செய்பவர் ஒருவர், அதை முப்பரிமாண உருவமாகச் செதுக்குபவர் ஒருவர், அந்த உருவத்தின் மேல் துணியையும் தோலையும் துருவையும் தீட்டுபவர் ஒருவர், அதற்கு அசைவு கொடுப்பவர் ஒருவர், ஒளியமைப்பவர் ஒருவர் என்று பல கைகள் சேர்கின்றன. 2007-இல் தொடங்கிய 'உப்பின் இப்பின்', 2011-இல் வந்த 'போபோய்போய்', 2016-இல் வந்த 'எஜென் அலி' ஆகியவை இந்த நாட்டிலேயே உருவாகி, இந்த நாட்டுக் கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்த அசைவூட்டத் தொடர்கள். இவை போக, வெளிநாட்டு நிறுவனங்களின் விளையாட்டுகளுக்கு இங்கிருந்தே ஓவியப் பணி செய்து கொடுக்கும் நிறுவனங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் பல உள்ளன. பாடநூல் பதிப்பு, பொருள்களின் உறை வடிவமைப்பு, கண்காட்சி அரங்க அமைப்பு, விளம்பரம் என்று வேறு கதவுகளும் இருக்கின்றன. அவற்றை நான் நெருங்கிப் பார்த்ததில்லை என்பதால் விரிவாக எழுதவில்லை.

என் வேலை எப்படிப்பட்டது என்பதைக் காட்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு எங்கள் நிறுவனத்தில் கொடுக்கும் முதல் பயிற்சி, ஒரு பழைய மரக்கதவைத் தீட்டுவது. பெரும்பாலோர் கதவு முழுவதும் ஒரே அளவில் கீறலும் அழுக்கும் போட்டுக் கொண்டுவருவார்கள். உண்மையான கதவு அப்படி இருப்பதில்லை. கைப்பிடியைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு ஏறி மரம் கறுத்திருக்கும். மழைச்சாரல் தெறிக்கும் அடிப்பகுதி நீரில் ஊறி வெளுத்திருக்கும். தாழ்ப்பாள் உரசும் இடத்தில் அரைவட்டமாக ஒரு தடம் விழுந்திருக்கும். கீலுக்குக் கீழே துரு ஒழுகியிருக்கும். நான் என் பாட்டி வீட்டுக் கதவை நினைத்துத் தீட்டினேன். மென்பொருளை மூன்று மாதங்களில் எவருக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம். நூல் இறுகும் இடத்தில் தோல் வெளுக்கும் என்பதை ஒருவர் தாமாகப் பார்க்க வேண்டும். உங்கள் மகள் அதைப் பார்த்திருக்கிறாள். அவள் திறமையைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்விக்கு, நாற்பது தாள்களில் ஒரே கையை எவரும் சொல்லாமல் வரைந்தாள் என்பதைவிட நல்ல அறிகுறியை என்னால் சொல்ல முடியாது.

ஆபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தத் தொழில் வெளிநாட்டு ஒப்பந்தங்களை நம்பியிருக்கிறது. சைபர்ஜெயாவிலும் கிளை வைத்திருந்த ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற அமெரிக்க நிறுவனம், 'லைஃப் ஆஃப் பை' படத்தின் காட்சி விளைவுகளுக்காக 2013 பிப்ரவரியில் ஆஸ்கர் விருது பெற்றது. அதே மாதத்தில்தான் திவால் மனுவும் தாக்கல் செய்தது. வேலை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், ஒப்பந்தத் தொகை செலவை ஈடுகட்டாவிட்டால் நிறுவனம் நிற்காது. இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு வந்திருக்கிறது. தொடக்கநிலைக் கலைஞர்களுக்குக் கொடுத்துவந்த மாதிரிப் படங்கள், பின்னணிக் காட்சிகள் போன்ற சிறு பணிகள் குறைந்துவருவதை நான் என் கண்ணாலேயே பார்க்கிறேன். எஞ்சி நிற்பது, இந்தப் படத்தில் இந்தக் கை ஏன் பொய்யாக இருக்கிறது என்று சொல்லி, அதைத் திருத்தத் தெரிந்தவர்களின் வேலை. அதற்கு அடிப்படை ஓவியப் பயிற்சி ஆழமாக வேண்டும். ஆகவே மென்பொருளை மட்டும் கற்பிக்கும் குறுகிய காலப் படிப்புகளில் சேர்க்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

டிப்ளோமாவா எஸ்.டி.பி.எம்.மா என்பதில் என் சார்பு டிப்ளோமா பக்கம்தான். 1967-இல் கோலாலம்பூரில் தொடங்கிய மலேசியக் கலைக் கழகம், பண்டார் சன்வேயில் உள்ள தி ஒன் அகாடமி போன்றவற்றில் படித்துவிட்டு வந்த என் சக ஊழியர்கள், பதினெட்டு வயதிலேயே நாள் முழுவதும் பயிற்சிக் கூடத்தில் நின்று வரைந்தவர்கள். அந்த வயதில் நான் ஆறாம் படிவத்தில் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். அவர்களுடைய கை வேகத்தை எட்ட எனக்கு நெடுங்காலம் பிடித்தது.

*

புக்கிட் மெர்தாஜாம் ஆசிரியை எழுதியது:

அம்மா, வணக்கம். தமிழ்ப்பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் காட்சிக்கலைக் கல்வி கற்பிக்கிறேன். மேலே எழுதிய தம்பி தொழிலின் உள்ளிருந்து பேசுகிறார். அவர் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு, ஆறாம் படிவத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

எஸ்.டி.பி.எம். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுப் படிப்பு, மூன்று பருவங்கள். அரசுப் பள்ளியில் செலவு மிகக் குறைவு. அதில் காட்சிக்கலையும் ஒரு பாடமாக உண்டு. ஆனால் எல்லாப் பள்ளிகளிலும் கற்பிப்பதில்லை என்பதால், எந்தப் பள்ளியில் ஆசிரியர் இருக்கிறார் என்பதை மாநிலக் கல்வி இலாகாவில் விசாரித்துவிட்டுச் சேர்க்க வேண்டும். அதன் பிறகு மூயெட் ஆங்கிலத் தேர்வும் எழுதிவிட்டால், யு.பி.யு. என்ற பொதுச் சேர்க்கை முறை வழியாக அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் வீட்டிலிருந்து மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் எவ்வளவு தூரம்? கெலுகோருக்குப் பேருந்திலேயே போய்வரலாம். விடுதிச் செலவும் இல்லை. பல பெற்றோர் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கலைத்துறையைப் பற்றிக் கேட்கிறார்கள். அது பூமிபுத்ரா மாணவர்களுக்கானது (மலாய்க்காரர்களும் பிற பூர்வகுடியினரும்), நம் பிள்ளைகள் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ள இயலாது.

ஆசிரியர் தொழிலையும் ஒரு வழியாக எண்ணிப்பாருங்கள். தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இத்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் கலைக்கல்விக்கான பட்டப்படிப்பு இருக்கிறது, எஸ்.பி.எம். முடிவு மிக நன்றாக இருந்தால் ஆசிரியர் பயிற்சிக் கழகங்களுக்கும் விண்ணப்பிக்கலாம். இதை மாற்று வழியாக அல்லாமல், மனமார விரும்பும் ஒருத்திக்கான வழியாகச் சொல்கிறேன். நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில், தேர்வு நெருங்கினால் ஓவியப் பாடவேளைகளை எல்லாம் கணிதத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். வண்ணப் பெட்டியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனால், பிள்ளைகள் ஏற்கெனவே பயிற்சித் தாளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஓவியத்தை ஒரு படிப்பாக மதிக்கும் ஆசிரியர்கள் வந்தால்தான் இது மாறும்.

நம்மவர்கள் இந்தத் துறையில் இல்லை என்ற எண்ணம் உங்கள் வீட்டில் இருந்தால் அதைப் போக்க வேண்டும். நிர்மலா சண்முகலிங்கம் 1941-இல் பினாங்கில் பிறந்தவர்; போரையும் வறுமையையும் கித்தானில் கேள்வி கேட்ட, இந்த நாட்டின் முதல்நிலை ஓவியர்களில் ஒருவர். சையத் தாஜுதீன் இராமநாதபுரத்து அழகன்குளத்தில் பிறந்து, பினாங்கில் வளர்ந்து, சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் பயின்றவர். 1972-இல் இராமாயணத்தைப் பெரிய அளவில் ஓவியமாக்கினார். மகளைக் கோலாலம்பூருக்கு அழைத்துச் செல்லும்போது, ஜாலான் தெமெர்லோவில் இருக்கும் தேசியக் கலைக்கூடத்தில் அரை நாள் இருந்துவிட்டு வாருங்கள். 1958-இல் தொடங்கிய கூடம் அது. இளங்கலைஞர்களுக்காக 1974 முதல் 'பாக்காட் மூடா செசாமான்' என்ற போட்டியை நடத்திவருகிறது.

*

கடன் கட்டி முடித்தவன் எழுதியது:

அம்மா, நீங்கள் கண்காட்சியில் முன்பணம் கட்டாமல் வந்தது நல்ல முடிவு. நான் கட்டியவன்.

கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் வரைகலை டிப்ளோமா படித்தேன். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. விளம்பரத் தாளில் இருந்த பயிற்சிக் கூடத்தின் படம் வேறொரு வளாகத்தில் எடுத்தது என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டாம் ஆண்டில் ஓவிய ஆசிரியர் விலகினார். கடைசிவரை அவர் இடத்துக்கு எவரும் வரவில்லை. கல்விக் கடனை அடைத்து முடிக்க எனக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. ஆகவே எந்தக் கல்லூரியாக இருந்தாலும், அந்தக் குறிப்பிட்ட படிப்பின் பெயர், படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் எம்.கியூ.ஏ. அமைப்பின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் நீங்களே பாருங்கள். கல்லூரி பதிவு பெற்றிருப்பது வேறு, அந்தப் படிப்பு அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. பிறகு, சொல்லாமல் ஒரு சாதாரண நாளில் போய், மாணவர்கள் வரைந்துகொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அரசின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடுதான் நிர்வாகக் கட்டணம் என்றாலும், மொத்தத் தொகை கட்டணத்தைப் பொறுத்தது. பட்டப்படிப்பில் முதல் வகுப்பில் தேறினால், நிபந்தனைகள் பொருந்தும் பட்சத்தில் கடன் விலக்குக்கு விண்ணப்பிக்கலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

வேலையைப் பற்றி வேறொரு செய்தி. இப்போது லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் சிறிய அச்சகம் வைத்திருக்கிறேன். திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழாப் பதாகை, கடைப் பெயர்ப்பலகை ஆகியவைதான் என் தொழில். தமிழ் படிக்கத் தெரியாத வடிவமைப்பாளர்களிடம் கொடுத்தால் என்ன ஆகிறது தெரியுமா? மென்பொருளில் இந்திய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் ஒட்டிவிடுவார்கள். 'கோயில்' என்று எழுதினால் இரட்டைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய், துணைக்காலோடு சேர்ந்து தனியாக நிற்கும். ஆறடிப் பதாகையில் அப்படி அச்சாகி, கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள் மாலையில் கண்ணீரோடு என்னிடம் ஓடிவந்தவர்கள் உண்டு. தமிழும் வடிவமைப்பும் ஒருங்கே தெரிந்த ஆள் எனக்கு இன்றைக்கும் கிடைக்கவில்லை. கோயில் சுதை வேலைக்கும் வண்ணத்துக்கும் தமிழ்நாட்டிலிருந்துதான் கலைஞர்களை வரவழைக்கிறோம். உங்கள் மகள் தமிழ் படித்தவள் என்றால், அதையும் அவளுடைய திறமைகளில் ஒன்றாகச் சேர்த்து எண்ணுங்கள்.

*

ஜெலுத்தோங் அம்மா எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை என் கணவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கதவைப் பற்றி எழுதிய பகுதியைக் கேட்டதும் அவர் எழுந்து போய் எங்கள் சமையலறைக் கதவைப் பார்த்துவிட்டு வந்தார். எதுவும் சொல்லவில்லை, ஆனால் எம்.கியூ.ஏ. பதிவேட்டை எப்படிப் பார்ப்பது என்று மகளிடம் கேட்டார்.

இப்போதைக்கு நாங்கள் எண்ணியிருப்பது இதுதான். காட்சிக்கலை கற்பிக்கும் ஆறாம் படிவப் பள்ளி தீவுக்குள் அமைந்தால் அதில் சேர்ப்போம். அமையாவிட்டால், அங்கீகாரம் பெற்ற டிப்ளோமாக்களை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம். எந்த வழியானாலும் நேர்முகத்துக்குப் படைப்புத் தொகுப்பு ஒன்றைக் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்று மகள் சொல்கிறாள். அவளிடம் இருப்பவை பள்ளிக்கு வரைந்த எட்டு வண்ண ஓவியங்களும் அந்த நாட்காட்டித் தாள்களும்தான். இணையத்தில் பார்த்துக் கற்பனைப் பாத்திரங்கள் சிலவற்றையும் வரைந்திருக்கிறாள். தம்பி, எவற்றை வைப்பது, எவற்றை விடுவது?

*

வரைபலகை எழுதியது:

அக்கா, ஆசிரியை அம்மா சொன்ன கணக்கைப் படித்த பிறகு, உங்கள் குடும்பத்துக்கு ஆறாம் படிவமே பொருத்தம் என்று எனக்கும் தோன்றுகிறது. நான் கை வேகத்தை மட்டும் பார்த்தேன். பின்னால் வரும் இரண்டு பிள்ளைகளை எண்ணிப்பார்க்கவில்லை. அந்த ஒன்றரை ஆண்டில் நாள்தோறும் ஒரு மணி நேரம் நேரில் பார்த்து வரைந்தால் கை பின்தங்காது. படகுத்துறையில் காத்திருப்பவர்கள், சௌரஸ்தா சந்தையில் மீன் வெட்டும் கைகள், உங்கள் வீட்டுச் சமையலறைக் கதவு, எதுவானாலும் சரி. லெபோ ஆர்மேனியனில் 2012-இல் வரைந்த மிதிவண்டிச் சிறுவர் சுவரோவியத்தின் முன்னால் படம் எடுத்துக்கொள்ள எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். அவள் அந்த வரிசையில் நிற்பவர்களை வரையட்டும்.

தொகுப்பைப் பொறுத்தவரை, நேர்முகத்தில் உட்காருபவர்கள் நாள் முழுவதும் இணையத்தைப் பார்த்து வரைந்த கற்பனைப் பாத்திரங்களைத்தான் பார்த்துக் களைத்திருப்பார்கள். அவற்றில் மிகச் சிறந்த இரண்டு போதும். பள்ளி ஓவியங்களில் நான்கை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்காட்டித் தாள்களில் பன்னிரண்டையாவது வைக்க வேண்டும். தேறாதவை என்று அவள் நினைப்பவையும் அவற்றில் இரண்டு மூன்று இருக்கட்டும், ஏனென்றால் முதல் கைக்கும் கடைசிக் கைக்கும் இடையில் என்ன கற்றுக்கொண்டாள் என்று கட்டாயம் கேட்பார்கள். தாள்களை வெள்ளை அட்டையில் ஒட்டிவிட வேண்டாம், ஓரங்களையும் வெட்ட வேண்டாம். திருப்பிப் பார்த்தால் தேதி தெரிய வேண்டும்.